மலைக்கும் வேர் உண்டு

எங்கள் பாட்டி வீட்டுப் பூஜை மாடத்தில் ஒரு கறுப்புக் கல் இருந்தது. கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, வழவழவென்றிருக்கும், ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பெயர்ந்து உள்ளே சக்கரம் மாதிரி வரிகள் தெரியும். சாளக்கிராமம். தினமும் அதற்குத் திருமஞ்சனம் நடக்கும், பிள்ளைகள் கை வைத்தால் திட்டு விழும். அந்தச் சக்கரம் ஒரு கடல்பிராணியின் ஓடு பதிந்த தடம் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் படிப்பு முடித்து வேலைக்கே போய்விட்டேன். அம்மோனைட் என்று அதற்குப் பெயர், இன்றைய கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தம், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடிச் சேற்றில் புதைந்து கல்லாகிப் போனது. வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டில் கணவாயின் பங்காளி ஒருவர் தினமும் பூஜை வாங்கிக்கொண்டிருந்தார் என்பதைப் பாட்டியிடம் சொல்லும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

இந்தக் கற்கள் கிடைப்பது நேபாளத்தில், காளி கண்டகி ஆற்றில். அந்தப் பக்கம் இருக்கும் முக்திநாத், ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்களில் ஒன்று. உயரம் சுமார் 3,700 மீட்டர், அதாவது ஊட்டியின் தலையில் ஏற்காட்டைத் தூக்கி வைத்தால் வருகிற உயரம். கடலுக்குப் போக வேண்டுமென்றால் 800 கிலோமீட்டருக்குக் குறையாமல் தெற்கே வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் கடல்பிராணி எப்படி வந்தது?

முதலில் தோன்றும் பதில், ஒருகாலத்தில் கடல் அவ்வளவு உயரம் ஏறி நின்றிருக்கும் என்பதுதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. உலகத்தில் இருக்கும் பனி அத்தனையும் உருகினால்கூடக் கடல் மட்டம் 70 மீட்டர் வரைதான் ஏறும். நம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் கிடைக்கிறதே, அது கடல் உள்ளே வந்து பிறகு பின்வாங்கிய கதை, அங்கே நிலம் தாழ்வாகத்தான் இருக்கிறது, நம்புவதற்குச் சிரமம் இல்லை. முக்திநாத் அப்படி இல்லை. எவரெஸ்டின் கதை இன்னும் மோசம். 8,848.86 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த உச்சியே சுண்ணாம்புக்கல்தான், அதில் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிர்களின் துணுக்குகள் இருக்கின்றன. தண்ணீர் அங்கே ஏறிப் போகவில்லை. கடலின் தரைதான் மேலே வந்திருக்கிறது.

எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் அடிப்படை வேண்டும். பூமியின் மேற்பகுதி ஒரே ஓடாக இல்லாமல் பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது, அந்தத் தட்டுகள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: தட்டுகள் ஏதோ உருகிய நெருப்புக் குழம்பின் மேல் மிதப்பதாக நினைத்துக்கொள்கிறோம், பள்ளியில் பார்த்த படமும் அப்படித்தான் இருந்தது. உண்மையில் அடியில் இருப்பதும் பாறைதான், கெட்டியான பாறை. ஆனால் அது அவ்வளவு சூடாக இருப்பதால் லட்சக்கணக்கான ஆண்டுகள் கணக்கில் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும், அவ்வளவுதான்.

தட்டுகளின் மேல் இருக்கும் ஓட்டில் இரண்டு ஜாதி. கடலுக்கு அடியில் இருப்பது மெல்லியது, ஏறக்குறைய 7 கிலோமீட்டர்தான், ஆனால் கனம் அதிகமான பசால்ட் வகைப் பாறை. கண்டங்களின் ஓடு 35, 40 கிலோமீட்டர் தடிமன், ஆனால் கிரானைட் மாதிரி லேசான சரக்கு. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் கனமானது அடியில் போய்விடும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இப்போது நடப்பது அதுதான், நாஸ்கா என்ற கடல்தட்டு கண்டத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டே இருக்கிறது, மேலே ஆண்டீஸ் மலையும் எரிமலைகளும் எழும்பியிருக்கின்றன. அப்படியானால் இரண்டு பக்கமும் லேசான கண்டமாகவே இருந்தால்? இருவருமே முழுகத் தயாராக இல்லை. அங்கேதான் இமயமலை வருகிறது.

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து வடக்கே கிளம்பியது. வழியில் வேகம் எடுத்து, ஒரு கட்டத்தில் வருடத்துக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் ஓடியது. தட்டுகளின் உலகத்தில் இது எக்ஸ்பிரஸ் வேகம். முன்னால் டெத்திஸ் என்ற கடல் இருந்தது, பாட்டியின் அம்மோனைட் வாழ்ந்தது அந்தக் கடலில்தான். அந்தக் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் முழுகிக்கொண்டே வந்தது, அப்போது திபெத்தின் தெற்கு ஓரம் இன்றைய ஆண்டீஸ் போல எரிமலை வரிசையாக இருந்தது. லே நகரத்தைச் சுற்றி இருக்கும் வெளிர் நிற கிரானைட் மலைகள் அந்த எரிமலைகளுக்கு அடியில் உறைந்த பாறைக்குழம்புதான். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் தீர்ந்துபோய், இந்தியக் கண்டத்தின் முன்விளிம்பு ஆசியாவில் போய் முட்டியது. வேகம் மளமளவென்று குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: முட்டிய பிறகும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் இந்தியா வடக்கே போயிருக்கிறது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அவ்வளவு நிலமும் எங்கே போனது? இதைப் புரிந்துகொள்ள சமையலறையில் ஒரு வேலை செய்து பார்க்கலாம், நான் செய்து பார்த்தேன். பக்கங்கள் கண்ணாடிபோலத் தெரியும் ஒரு நீளமான பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு ஒரு அடுக்கு, அதன்மேல் கேழ்வரகு மாவு ஒரு அடுக்கு, மறுபடி அரிசி மாவு, மறுபடி கேழ்வரகு, இப்படி நாலைந்து அடுக்கு தூவி லேசாக அழுத்திவிடுங்கள். டப்பாவின் அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டி ஒரு ஓரத்தில் செங்குத்தாகச் செருகி, மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் அட்டையை ஒட்டி அடுக்குகள் லேசாகப் புடைக்கும், போர்வையைத் தள்ளினால் சுருக்கம் விழுவதுபோல. பிறகு திடீரென்று ஒரு சாய்வான விரிசல் விழும், அதன் வழியாக மேல் பக்கத்து மாவு கீழ்ப் பக்கத்து மாவின் மேல் ஏறி உட்காரும். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரே கேழ்வரகு அடுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தடவை தெரியும். இன்னும் தள்ளினால் அந்த விரிசல் ஓய்ந்துவிடும், அதற்கு முன்னால் தள்ளி இன்னொரு விரிசல் பிறக்கும், பழைய மேடு முழுவதும் புதிய விரிசலின் மேல் சவாரி செய்யும். கடைசியில் அட்டைப் பக்கம் உயரமாகவும் முன்பக்கம் சரிவாகவும் ஓர் ஆப்பு மாதிரி மாவு நிற்கும். மாவு கூடவும் இல்லை குறையவும் இல்லை, நீளம் குறைந்து தடிமன் கூடியிருக்கிறது. (அந்த மாவை என்ன செய்தீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். தோசை வார்த்தோம், சுமாராக இருந்தது.)

இமயமலை ஏறக்குறைய இதே வரிசையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. வடக்கே, உள்ளே, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய விரிசல், மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட் என்று பெயர், அதன் வழியாக ஆழத்துப் பாறைகள் தெற்கு நோக்கி ஏறி உயரமான சிகரங்களின் வரிசை ஆனது. அதற்குத் தெற்கே, அதற்குப் பிறகு, மெயின் பவுண்டரி த்ரஸ்ட். அதற்கும் தெற்கே கங்கைச் சமவெளியின் ஓரத்தில் இன்று சுறுசுறுப்பாக இருப்பது மெயின் ஃப்ரன்டல் த்ரஸ்ட், சிவாலிக் குன்றுகள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சிவாலிக் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், காரணம் அது வேறு எதனாலும் ஆனதில்லை, இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து போட்ட மணலும் கூழாங்கல்லும்தான். மலை கொட்டிய குப்பையையும் தள்ளல் விடவில்லை, அதையும் மடித்து மலையாக்கிவிட்டது.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். மாவில் பெரும்பாலும் விரிசல்தான் விழுந்தது, ஆனால் இமயமலைப் படங்களில் பாறை அடுக்குகள் புடவை மடிப்பு மாதிரி வளைந்து நெளிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் எப்படி வளையும்? கமர்கட் நினைவிருக்கிறதா? வாயில் போட்டதும் கடித்தால் பல் போகும், இல்லாவிட்டால் கமர்கட் உடையும். கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்து மெல்ல அழுத்தினால் அதே கமர்கட் வளைந்து கொடுக்கும். சூடு, அவசரமின்மை, இரண்டும் இருந்தால் போதும். பாறையும் அப்படித்தான். மேற்பரப்பை ஒட்டிக் குளிர்ந்திருக்கும்போது உடையும். 10, 15 கிலோமீட்டருக்குக் கீழே, 300, 400 டிகிரிச் சூட்டில், மேலே அவ்வளவு பாரம் அமுக்கிக்கொண்டிருக்கும்போது, உருகாமலேயே நெளிய ஆரம்பித்துவிடும். பிறகு மேலே இருப்பதெல்லாம் அரித்துப்போய் அந்த நெளிந்த பாறை வெளியே வரும்போது நாம் போட்டோ எடுக்கிறோம்.

ஆழத்தில் நெளிவதால் சத்தம் இல்லை. மேலே உடைகிற பகுதியில்தான் தகராறு. இமயமலைக்கு அடியில், வடக்கு நோக்கிச் சாய்ந்து இறங்கும் பெரிய விரிசல்தளம் ஒன்று இருக்கிறது, மேலே சொன்ன எல்லா விரிசல்களும் கீழே போய் அதில்தான் சேர்கின்றன. வருடத்துக்கு 2 சென்டிமீட்டர் வீதம் இந்தியா அதன் அடியில் போக வேண்டும், ஆனால் விரிசலின் மேல்பகுதி உராய்வினால் பூட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. அந்த 2 சென்டிமீட்டர் எங்கேயும் போகாது, நூறு வருடத்தில் 2 மீட்டர் பாக்கியாகச் சேரும், பாறை வில் மாதிரி வளைந்துகொண்டு அதைத் தாங்கும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் அந்தப் பாக்கியில் ஒரு பகுதி தீர்ந்தது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 7.8, ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் காத்மாண்டு பகுதி சுமார் ஒரு மீட்டர் மேலே எழும்பியது. அதே நேரம் அதற்கு வடக்கே இருந்த உயரமான பகுதி தாழ்ந்துபோனது. மலை ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் உயரும் என்று நினைப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும், ஆனால் வளைந்த வில்லை விட்டால் புடைத்த இடம் தணியத்தானே செய்யும். கூட்டிக் கழித்துப் பல ஆயிரம் ஆண்டுக் கணக்கு பார்த்தால்தான் ஏற்றம் மிஞ்சும்.

சரி, இதுவரை மேலே தெரிவதைப் பற்றித்தான் பேசினோம். மலையில் பெரும்பகுதி மேலே இல்லை, கீழே இருக்கிறது, இதைக் கண்டுபிடித்த கதை நம் சென்னையில் தொடங்குகிறது. 1802 இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு ஒரு நேர்கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம், அதன்மேல் இன்னொரு முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டே போய் இந்தியா முழுவதையும் அளப்பது திட்டம். கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள், 1808 இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது அது மோதி நசுங்கியது தனிக் கதை.

லாம்டனுக்குப் பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் அளவை வட இந்தியா வரை போனபோது ஓர் இடத்தில் கணக்கு உதைத்தது. மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் கல்யாண்பூருக்கும் டெல்லிக்கு வடக்கே இருக்கும் கல்யானாவுக்கும் நடுவே உள்ள தூரத்தை, முக்கோணம் போட்டு ஒரு விதமாகவும் நட்சத்திரங்களைப் பார்த்து இன்னொரு விதமாகவும் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சுமார் 160 மீட்டர் வித்தியாசம் காட்டின. 600 கிலோமீட்டரில் 160 மீட்டர் என்றால் என்ன குடிமுழுகிப் போனது என்று நமக்குத் தோன்றும், அவர்களுக்கு அது மானப் பிரச்சினை. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது நேர்செங்குத்து எது என்று தெரிய வேண்டும், அதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் அதே தூக்குக்குண்டுதான். வடக்கே அவ்வளவு பெரிய மலை இருந்தால் அதன் ஈர்ப்பு குண்டைத் தன் பக்கம் துளியூண்டு இழுக்கும், அதனால்தான் தப்பு வந்திருக்கும் என்று சந்தேகம்.

கல்கத்தாவில் ஜான் ஹென்றி பிராட் என்று ஒரு பாதிரியார், கணக்கில் புலி. இமயமலையும் அதன் பின்னால் இருக்கும் திபெத்தும் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1855 இல் வந்த விடை எல்லாரையும் திகைக்க வைத்தது. இழுப்பு இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஏதோ மலை உள்ளே பொந்தாக இருப்பதுபோல.

அதே ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். மலை பொந்து இல்லை, தரைமேல் வைத்த சுமையும் இல்லை, அது மிதக்கிறது. தண்ணீரில் மிதக்கும் கட்டையைப் பாருங்கள், மேலே உயரமாகத் தெரியும் கட்டை கீழேயும் ஆழமாக இறங்கியிருக்கும். மலையின் லேசான பாறை கீழே இருக்கும் கனமான பாறையை விலக்கிக்கொண்டு வேர் மாதிரி இறங்கியிருக்கிறது, கீழே கனம் குறைந்துபோனதால் மேலே இருக்கும் கூடுதல் எடையின் இழுப்பு ஈடாகிவிடுகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். கண்டப் பாறையின் அடர்த்தி சுமார் 2.8, அடியில் இருக்கும் பாறை 3.3, வித்தியாசம் 0.5. ஒரு கிலோமீட்டர் மேலே நிற்க வேண்டுமென்றால் 2.8ஐ 0.5ஆல் வகுக்க, 5.6 கிலோமீட்டர் கீழே வேர் வேண்டும். திபெத் பீடபூமி சராசரி 5 கிலோமீட்டர் உயரம், அப்படியென்றால் வேர் 28 கிலோமீட்டர். சாதாரணக் கண்ட ஓடு 37 என்று வைத்துக்கொண்டால், 5, 37, 28, மொத்தம் 70. நிலநடுக்க அலைகளை வைத்து இன்று அளந்தால் திபெத்தின் அடியில் ஓடு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தடிமன்தான். 19ஆம் நூற்றாண்டில் தூக்குக்குண்டை வைத்து ஊகித்தது இவ்வளவு தூரம் பொருந்துவது, எத்தனை தடவை படித்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

அப்படியே தடிமனாகிக்கொண்டே போக முடியுமா என்றால் முடியாது. ஆழத்தில் பாறை சூடாகி நெகிழ்ந்துவிடுவதால் ஓர் அளவுக்கு மேல் தன் எடையைத் தானே தாங்காது, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போலப் பக்கவாட்டில் பரவப் பார்க்கும். திபெத்தில் இப்போது அதுதான் நடக்கிறது. வடக்கு தெற்காக நசுங்கிக்கொண்டே, கிழக்கு மேற்காக இழுபட்டு, நீளநீளமான பள்ளத்தாக்குகளாகப் பிளந்துகொண்டிருக்கிறது. ஒரே நிலம், ஒரு பக்கம் நெரிபடுகிறது, இன்னொரு பக்கம் கிழிகிறது.

இந்தப் பக்கம் ஆறுகள் வேறு சும்மா இருப்பதில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கீழே கொண்டுவருகின்றன. அது வங்கக் கடலுக்குள் போய், கடலுக்கடியில் ஒரு விசிறிபோலப் பரவி, இலங்கைக்குக் கிழக்கே இறங்கி, நிலநடுக்கோட்டையும் தாண்டி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது, வடக்கில் சில இடங்களில் 16 கிலோமீட்டருக்கு மேல் தடிமன். 2015 இல் ஜாய்டிஸ் ரெசொல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் அந்தக் கடலில், ஏறக்குறைய திருகோணமலைக்கு நேர் கிழக்கே, அந்த வண்டலைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தது. திருகோணமலைக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீருக்கு அடியில் கிடப்பது பாதி இமயமலை.

ஆனால் அரிப்பினால் மலை சட்டென்று குட்டையாகிவிடாது. மூட்டை இறக்கிய தோணி மேலே எழும்புவது மாதிரி, பாரம் குறையக் குறைய வேர் மேலே மிதந்து வரும். அதே அடர்த்திக் கணக்குப்படி, மேலே ஒரு கிலோமீட்டர் சீவி எடுத்தால் கீழேயிருந்து 850 மீட்டர் எழும்பிவிடும், நிகர இழப்பு 150 மீட்டர்தான். 5 கிலோமீட்டர் மலையைத் தரைமட்டம் ஆக்க வேண்டுமென்றால் 33 கிலோமீட்டர் பாறையைச் சீவித் தீர்க்க வேண்டும். அவ்வளவும் சீவி முடிந்தபின் தரையில் என்ன தெரியும்? மலையின் வேர்தான்.

அந்த வேரைப் பார்க்க நமக்கு இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை இமயமலையின் தம்பி என்று நினைப்பவர்கள் உண்டு, அது சரியில்லை, அது மோதலில் மடிந்த மலை அல்ல, மடகாஸ்கர் பிரிந்துபோன பக்கத்தில் எழும்பி நிற்கும் விளிம்பு. ஆனால் கொடைக்கானல் பாறைகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும்: சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் கோண்ட்வானா என்று ஒன்றாக ஒட்டியபோது நடந்த மோதலில் ஆழத்தில் வெந்த பாறை அது. சென்னையின் பல்லாவரத்துப் பாறை அதைவிடக் கிழம், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். சார்னோக்கைட் என்று அதற்குப் பெயர். கல்கத்தாவோடு சேர்த்துச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் கொண்டுபோனார்கள், அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893 இல் கல்லுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். அது 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கும் மேல் சூட்டில் உருவான சரக்கு. அவ்வளவு பழைய காலத்தில் ஓடு எப்படித் தடித்தது, இமயமலை மாதிரி மோதலா, வேறு வழியா என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. மேலே இருந்த 20 கிலோமீட்டரும் அரித்துப் போனதில் விவாதம் இல்லை.

பரங்கிமலைப் படிக்கட்டு ஏறும்போது பக்கத்தில் பாறை வெளியே தெரியும் இடங்களைப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய்க் கையால் தடவியது போல ஒரு பளபளப்பு, அதே சார்னோக்கைட்தான். மலைகளுக்கு வேர் உண்டு என்று ஐம்பது வருடம் கழித்துக் காட்டிக்கொடுக்கப்போகும் அளவையை லாம்டன் தொடங்கியது இந்தக் குன்றுக்குப் பக்கத்தில்தான், இருபது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்த பாறைக்கு அருகில் சங்கிலியை விரித்துப் போட்டுக்கொண்டு.